டிப்பர் வைத்திருப்பவன் எல்லாம் மணல் ஓட்டுகிறவன் இல்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'விவசாயத்துக்கு என்று சொல்லிப் பழைய டிப்பர் வாங்குகிறவர்கள் கடைசியில் மணல்தான் ஓட்டுகிறார்கள்' என்று சென்ற வாரக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்த அன்று காலையில்தான் என் டிப்பரில் தொழுவுரம் கொண்டுவந்து வயலில் தட்டியிருந்தேன். இத்தனை வருட வாசகனுக்கு அந்த வரி ரொம்பவே வலித்தது.

ஏரி வண்டலைப் புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசே அனுமதிக்கிறது. தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-ல் மாற்றியதும் உங்களுக்குத் தெரியும். 90 கன மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 32 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). டிராக்டர் டிரெய்லரில் ஒவ்வொரு யூனிட்டாக அடித்தால் 32 நடை. மூன்று யூனிட் டிப்பரில் 11 நடை. ஏரிக்குத் தண்ணீர் வருவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். அதற்குத்தான் வாங்கினேன்.

வண்டியை ஒரே நாளில் வாங்கிவிட்டேன். பெயர் மாற்ற ஏழு மாதம் ஆனது. விற்றவர் கடனை எப்போதோ கட்டி முடித்திருந்தார், ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் மட்டும் ஹெச்.பி., அதாவது கடன் இருப்பதாக எழுதிய குறிப்பு, ரத்தாகவில்லை. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், கடன் தீர்ந்ததைக் காட்டும் 35 எங்கே என்றார்கள். பைனான்ஸ்காரரோ கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி வந்தால், சேசிஸ் நம்பர் துருவில் மறைந்து கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டி, அந்த நம்பரை அச்செடுக்கத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஒரு எண் 3-ஆ 8-ஆ என்று தெரியாமலே நான்கு தாள் வீணானது. அதற்குள் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றின் காலம் முடிந்துவிட்டது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு அது வருடா வருடம் எடுக்க வேண்டியது. ஹெவி லைசென்சுக்கு அலைந்த கதையை விட்டுவிடுகிறேன்.

அப்புறம் பெர்மிட், அதாவது சரக்கு வண்டியைச் சாலையில் ஓட்ட வாங்கும் அனுமதி. வருத்தத்தோடுதான் சொல்கிறேன், இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. சொந்த விளைச்சலை ஏற்றினால் பெர்மிட் வேண்டாம் என்று முன்பு உங்கள் கேள்வி பதில் பகுதியில் வந்தது. நம்பி வண்டியை எடுத்தேன். சாலையில் நிறுத்தி அபராதம் போட்டார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குத்தான் அந்த விலக்கு. வாடகைக்கு ஓட்டாவிட்டாலும் டிப்பர் சரக்கு வண்டிதான், எடையும் அதற்கு மேல். அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. விவசாயப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். பழைய லாரி வாங்கினால் ஃபாரம் 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் 35. வெளி மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்கான 28. வாங்கியவர் 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். 35 கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பெர்மிட் பற்றிய அந்தப் பழைய பதிலையும் தயவுசெய்து திருத்துங்கள். என்னைப் போல இன்னொருவர் அதை நம்பி வண்டியை எடுத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி