தன்னாட்சி சரி, பணப்பை யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநிலங்களில் உள்ளாட்சிகளின் தன்னாட்சி குறித்த முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு வரும்போதெல்லாம், நகரங்களுக்கு என்னென்ன அதிகாரம் கிடைக்கும் என்பதே பேச்சாக இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தேவையான பணம் நகரத்தின் கையிலேயே நிற்குமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. கலிபோர்னியாவின் அனுபவத்தை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்.

அம்மாநிலத்தின் 1879ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டமே பெருநகரங்கள் தமக்கெனச் சாசனம், அதாவது தம் நிர்வாகத்துக்கான அடிப்படை விதிகளை, வகுத்துக்கொள்ள வழிசெய்தது. ஆனால் 1978இல் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியதோடு, அதைப் பங்கிடும் பொறுப்பையும் மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டது. 1990களின் தொடக்கத்தில் பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோது, நகரங்களுக்கும் கவுன்ட்டிகளுக்கும் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிகள்) சேரவேண்டிய சொத்து வரியில் ஒரு பகுதி பள்ளிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. பள்ளிக்குத்தானே போயிற்று என்பார்கள்; மாநிலம் தான் தரவேண்டியதை அடுத்தவர் பையிலிருந்து எடுத்துத் தந்தது என்பதே உண்மை.

இதைத் தடுக்க 2004இல் வந்த 1ஏ முன்மொழிவை வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரித்தனர். அதிலும் ஓர் ஓட்டை இருந்தது: ஆளுநர் கடும் நிதி நெருக்கடியை அறிவித்து, சட்டமன்றமும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் இசைந்தால், உள்ளாட்சிகளின் சொத்து வரியைக் கடனாக எடுத்து மூன்று ஆண்டுகளுக்குள் வட்டியுடன் திருப்பித் தரலாம். 2009இல் ஏறத்தாழ 190 கோடி டாலர் அவ்வழியே எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே 22ஆம் முன்மொழிவு அந்த வழியை அடைத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2011இல், சொத்து வரியில் ஒரு பங்கைக் கொண்டு நலிந்த பகுதிகளைப் புதுப்பித்துவந்த நகர மறுசீரமைப்பு முகமைகளையே கலைக்க ஒரு சட்டமும், மாநிலம் கேட்ட பணத்தைச் செலுத்தினால் அவை நீடிக்கலாம் என்று இன்னொரு சட்டமும் இயற்றப்பட்டன. சட்டமன்றம் உருவாக்கிய அமைப்பைச் சட்டமன்றமே கலைக்கலாம் என்று கூறிய மாநில உச்ச நீதிமன்றம், பணம் செலுத்தச் சொன்ன சட்டத்தை மட்டும் 22ஆம் முன்மொழிவுக்கு முரணானது என்று தள்ளியது. அரணாக எழுதிய விதியே, அந்த முகமைகள் உயிர்பிழைக்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டது. அந்த முகமைகள் எல்லாம் நன்றாகவே நடந்தன என்று நான் வாதிடவில்லை.

தன்னாட்சி முன்மொழிவுகளை நான் எதிர்ப்பவனும் அல்லன். ஆனால் வாக்காளர் கையேடு வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது இரண்டே இடங்களைத்தான்: நெருக்கடி என்று அறிவிக்கும் உரிமை யாருக்கு என்னும் விதிவிலக்கு வரி, அந்த அமைப்பைக் கலைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்னும் வரி.

இப்படிக்கு,
கலிபோர்னியா வாசகர் ஒருவர்