கறுத்த குழந்தையின் மஞ்சளை எங்கே பார்ப்பீர்கள்?

நீலகிரி மாவட்ட மகப்பேறு வார்டுகளின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிக் காலனியிலிருந்து எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, "முகம் ஒரு மாதிரி இருக்கிறதே" என்று கேட்டேன். செவிலியர் ஜன்னலோரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பன் நிறம், வேறொன்றுமில்லை" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம்.

நான்காம் நாள் பாலுக்குக்கூட எழவில்லை. இடுப்பில் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியில் சிறுநீர் மஞ்சளாக ஊறியிருந்தது. பாதத்தைத் திருப்பினால் அங்கும் மஞ்சள். மழையில் ஜீப் பிடித்து இறங்கினோம். மூன்று நாள் மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கின் கீழ் கிடந்து பிழைத்தான்.

பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறிக்கொண்டே போனால்தான் ஆபத்து. மூளையைத் தாக்கும், காது போகும். அதைக் கண்ணளவில் மதிப்பிட்டால் எந்தக் குழந்தையிடமும் பிசகும், கறுத்த தோலில் இன்னும் பிசகும். பிறந்தவுடன் குழந்தையின் நிலையைப் பார்த்து நீங்கள் போடும் அப்கார் மதிப்பெண்ணிலும் நிறத்துக்கு ஓர் இடம் உண்டு: உடல் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தால் இரண்டு. அமெரிக்காவில் வெர்ஜீனியா அப்கார் 1952-ல் முன்வைத்த முறை அது. (வெளுப்பையே 'சிவப்பு' என்று சொல்லும் ஊர் நம்முடையது. குழந்தை பிறந்ததும் சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.)

அதே 1952-ல்தான், ரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல் வளைக்கும் அரிவாள் செல் மரபணு இந்தியாவில் முதன்முறையாக நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறியப்பட்டது. அன்று ரத்தம் எடுக்க மலையேறி வந்தார்கள். வார்டிலேயே கிடக்கும் குழந்தையின் குதிகாலில் சில சொட்டு எடுப்பதா கடினம்?

வீட்டுக்கு அனுப்பும் முன் எல்லாக் குழந்தைக்கும் பிலிருபினை அளந்து, அந்த எண்ணைத் தாய் சேய் நல அட்டையில் எழுதுங்கள். பழங்குடிக் குழந்தைக்கு மட்டும் என்று தனி வரிசை வேண்டாம். நாளைக்கு அதுவே எங்களுக்கு ஒரு பட்டப்பெயராகும். ஆனால் "சந்தேகமிருந்தால் கூட்டி வாருங்கள்" என்பது கூடலூர் கடைவீதியில் இருப்பவருக்கு ஆட்டோ தூரம், எங்களுக்கு இரண்டு நாள் கூலி. ஆகவே நான்காம் நாள் கிராம சுகாதாரச் செவிலியரைக் காலனிக்கு அனுப்புங்கள். ஈறையும் கண்வெள்ளையையும் உள்ளங்காலையும் பார்க்கத் தாய்க்குச் சொல்லிக் கொடுங்கள், அவளுக்குப் புரியும் மொழியில்.

அந்தச் செவிலியர் மீது நடவடிக்கை எதுவும் நான் கேட்கவில்லை.

பையனுக்குக் காது பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
அவன் பெரியம்மா