திருகோணமலை மாதர் சங்கக் கேக் அலங்காரப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்புக்குரிய தலைவி அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அன்பான உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாரி மழையால் ஒரு கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது தவிர, மாதாந்தக் கூட்டங்கள் யாவும் ஒழுங்காக நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். உவர்மலை, உப்புவெளி ஆகிய இடங்களோடு கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் புதியவர்கள் இணைந்துள்ளனர். 2022 ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டில் கேக் அடிப்பதையே நிறுத்தியிருந்த சிலர் மீண்டும் ஓடர் எடுக்கத் தொடங்கியிருப்பதுதான் இவ்வாண்டின் மிக நல்ல செய்தி.

இவ்வாண்டுப் பயிற்சிகள் முழுவதையும் பட்டரும் சீனியும் அடித்துச் செய்யும் மேற்பூச்சான பட்டர் ஐசிங்கிற்கே ஒதுக்கினோம். ஐசிங் பிழியும் முனையான நொசில் பெட்டி நிறைய இல்லாமல் கேக் அலங்கரிக்க முடியாது என்ற எண்ணம் புதியவர்களைத் தயங்கவைக்கிறது. ஒரு தேக்கரண்டி, ஒரு முள்ளுக்கரண்டி, ஒரு அடிமட்டம், நட்சத்திர வாயுள்ள ஒரே ஒரு நொசில் ஆகியவை இருந்தால் பிறந்தநாள் வீட்டிலும் முதல் நன்மை விருந்திலும் பெருமையோடு வைக்கக்கூடிய கேக்கைச் செய்துவிடலாம். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

எமது ஊர்ச் சூட்டுக்கும் இத்தகைய எளிய அலங்காரமே ஏற்றது. பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் மாதங்களில் எமது நண்பகல் வெப்பநிலையும் அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. மணிக்கணக்கில் இழைத்த பூவேலை நிலாவெளிக்கு ஓட்டோவில் போய்ச் சேருமுன் சரிந்துவிடும். விரைவில் முடிகிற வேலையே இங்கே நிற்கும். கோடைகால ஓடர்களுக்குப் பட்டரில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, சூடு தாங்கும் தாவரக் கொழுப்பைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்தோம். சுவை சற்றுக் குறையும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாடைக்காலத்தில் சிக்கல் வேறு. ஐசிங் சீனி ஈரத்தை இழுப்பதால் மேற்பரப்பு காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்போது ஐசிங்கை இளக்கச் சேர்க்கும் பாலைத் துளித்துளியாகவே விட வேண்டும்.

250 கிராம் பட்டருக்கு 500 கிராம் ஐசிங் சீனி என்பதே நாம் பின்பற்றும் அளவு. பட்டரை மட்டும் முதலில் ஐந்து நிமிடமாவது அடித்து, மஞ்சள் வெளிறிய பிறகே சீனியைச் சேர்க்கிறோம். இறுதியில் மரக்கரண்டியால் மெதுவாகக் கிளறினால் காற்றுக் குமிழிகள் அடங்கி, பூச்சு வழவழப்பாக வரும். முதற்பூச்சை மெல்லியதாகப் பூசி, அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது கட்டாயம். கேக் தூள்கள் அதிலேயே பிடிபட்டுவிடும். மேற்பூச்சு சுத்தமாக இருக்கும். பக்கங்களைச் சமன்செய்ய, நன்றாகக் கழுவித் துடைத்த அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேக்கைச் சுழற்றினால் போதும். சுழல்மேசை இல்லாதவர்கள் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் தட்டை வைத்துச் சுழற்றுகிறார்கள்.

உறுப்பினர்கள் அதிகம் விரும்பிய வேலை கரண்டி இதழ். எண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி, ஐசிங்கை நிரப்பி, கேக்கின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரிசைப் பொட்டுகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் தேக்கரண்டியின் முதுகை அழுத்தி வலப்பக்கம் இழுத்தால் ஒரு இதழ் கிடைக்கும். அடுத்த வரிசைப் பொட்டுகள் இந்த வால்களை மறைத்துவிடும். கேக்கைச் சுற்றி வந்து முடிந்ததும், கடைசி வரிசையை இழுக்காமல் பொட்டாகவே விட வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு கரண்டியைத் துடைக்காவிட்டால் விளிம்பு பிசிறும். மூதூர் உறுப்பினர் ஒருவர் இளஞ்சிவப்பில் தொடங்கி வரிசைக்கு வரிசை வெளிறவிட்டுச் செய்த கேக், மீன் செதில்போல் அடுக்கடுக்காக அமைந்து எல்லோரையும் சுற்றி நிற்க வைத்தது. அதை வெட்ட எவருக்கும் மனம் வரவில்லை.

மேற்புறத்திற்குக் கரண்டி நுனியை நடுவில் வைத்து, கேக்கைச் சுழற்றியபடியே வெளிநோக்கி நகர்த்தினால் ஒரே இழுப்பில் சுருள் கோலம் விழும். முள்ளுக்கரண்டியால் அலைக்கோடு இழுப்பதைப் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். ரோசாச் சுழிக்கு ஐசிங் பையைப் பாதியளவே நிரப்பி, நடுவில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி, அழுத்தத்தை விட்ட பின்பே நொசிலைத் தூக்க வேண்டும். உள்ளங்கைச் சூட்டில் ஐசிங் இளகினால் பையைச் சில நிமிடம் குளிரவைக்கலாம். வறுத்த தேங்காய்ப்பூவையும் முந்திரித் துருவலையும் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பக்கங்களில் அழுத்திவிட வேண்டும். மின்விசிறிக்குக் கீழே வைத்த கேக் விரைவில் ஆடை கட்டிவிடும்; பிறகு எதுவும் ஒட்டாது.

நிறம் பற்றி அதிகம் பேசினோம். பட்டரின் மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சை சாயும். ஊதா நிறமூட்டியை ஊசிமுனையளவு முதலில் கலந்தால் ஐசிங் வெண்மைக்கு நெருங்கும். நீலம் அதற்குப் பின்னரே. நிறம் சில மணி நேரத்தில் அடர்த்தியாகும் என்பதால், ரிப்பன் கேக்கின் மேல் இளம் பச்சையோ இளஞ்சிவப்போ வேண்டுமானால் வேண்டிய அளவுக்கு ஒருபடி முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டு முற்றத்துப் பூக்களைக் கேக்கில் செருகும் வழக்கம் பரவுகிறது. அலரியும் மஞ்சள் அலரியும் நஞ்சு. அவற்றின் இலைகூட உணவில் படக்கூடாது. மருந்து தெளிக்காத ரோசா இதழ்களைத் தவிர வேறு பூவை எமது பெயரில் போகும் எந்தக் கேக்கிலும் வைப்பதில்லை என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புதியவர்களும் இதைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

வரும் ஆண்டில் நத்தார் ஓடர்களுக்கு முன்பே கரண்டி இதழ்ப் பயிற்சியை மூதூரிலும் நடத்த வேண்டும் என்று முன்மொழிகிறேன். அங்கிருந்து வருபவர்கள் காலையிலேயே புறப்பட்டு, மாலைப் பஸ்ஸைப் பிடிக்கப் பாதி வேலையில் எழ வேண்டியிருக்கிறது. சமையலறையைத் தந்துதவிய உறுப்பினர்களுக்கும், பாத்திரம் கழுவும் வேலையைச் சலிக்காமல் செய்த இளம் உறுப்பினர்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்திற்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்