பணம் போதுமா என்று கேட்டபோது

நைமேகன், நெதர்லாந்து,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு அனைவரும் நலமா? உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, உடனே பதில் போடாதது என் தப்புதான். "பேச்சைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று சின்னத்தாத்தா கேட்டாராமே. இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மனிதர்கள் மாறி மாறி எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் இங்கே என் படிப்பு. இரண்டு பேரைப் பேசவிட்டுப் பதிவு செய்வோம். அதற்கு முன்பே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஆளுக்கொரு காலர் மைக். ஒரே மைக் என்றால் இரண்டு குரலும் கலந்து, யார் எங்கே குறுக்கிட்டார் என்று பிரிக்க முடியாது. முதல் பத்து நிமிடம் மைக்குக்காகப் பேசுவார்கள், அதை நம்பக் கூடாது. பிறகு ஈலான் என்ற மென்பொருளில் ஆளுக்கொரு வரிசை போட்டு எழுதுவோம். இந்த ஊரில் மொழியை ஆராயும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் செய்தது, இலவசம். இழுத்துப் பேசினால் முக்காற்புள்ளி (:), இருவரும் சேர்ந்து பேசினால் சதுர அடைப்பு. மௌனத்தைப் பத்தில் ஒரு விநாடிக் கணக்கில் குறிக்கணும். ஒரு நிமிடப் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். பிசகு நேர்வதும் மௌனத்தில்தான். ஒருவர் மூச்சை இழுத்ததையோ 'ம்' கொட்டியதையோ விட்டுவிட்டால், இல்லாத மௌனம் ஒன்று ஏட்டில் ஏறிவிடும்.

2009-ல் இங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் இந்த மௌனத்தைப் பத்து மொழிகளில் அளந்து பார்த்தார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஜப்பானியர் உடனுக்குடன், டேனிஷ்காரர் கிட்டத்தட்ட அரை விநாடி. 'ஆமாம்' சட்டென்று வரும், 'இல்லை' தயங்கித்தான் வரும். கடன் கேட்டவரிடம் "அது வந்து..." என்று நாம் இழுப்போமே, அதேதான்.

போன ஞாயிறு "பணம் போதுமாடா?" என்று அம்மா கேட்டதும் நான் தாமதித்தது, வாட்ஸ்அப் லைன் கோளாறு. குரல் போய்வரும் நேரம் கூடினால் கேட்பவருக்கு அது தயக்கமாகத்தான் படும். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பணம் போதும். மத்தியானம் ரொட்டியும் சீஸும், பழகிவிட்டது. கீழ்வீட்டுக் கிழவர் காபிக்குக் கூப்பிட்டிருக்கிறார், அடுத்த மாதம் 14-ம் தேதிக்கு! டைரியைப் பார்த்துத்தான் சொன்னார்.

அக்கா பேச, சித்தி குறுக்கே விழ, குக்கர் விசில் அடிக்க, நம் சமையலறையை ஒரு மணி நேரம் செல்போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். படிப்புக்கு இல்லை.

வளைகாப்புப் புடவையை என் பேரில் நீங்களே எடுத்துவிடுங்கள், கணக்கு எழுதி வையுங்கள். கல்விக்கடன் வட்டியை 20-ம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறேன் என்று பாங்கில் சொல்லுங்கள். மாடி ஒழுகலுக்கு இந்த வருஷம் தார்ப்பாய் போதும், கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.

அன்பு மகன்,
குமார்