டிமென்ஷியா எனும் மறதிநோயின் தீவிரத்தை வீட்டு நடப்பை வைத்து அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்
டிமென்ஷியா உள்ள தாயைப் பராமரிக்கும் மகள்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: படிக்காத முதியோருக்கும் பொருந்தும்படி மறதிநோயின் நிலையை அளக்க ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் அம்மாவுக்கு 76 வயது. நடவும் களையெடுப்புமாகவே காலம் போனது; பள்ளிக்கூடம் போனதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மறதி அதிகமானதால் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 30 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், பின்னிக் கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பென்சிலே பிடித்தறியாதவர் என்ன செய்வார்? தேதி கேட்டதற்கு, "ஆடி அமாவாசை போயி நாலாம் நாளு" என்றார். அது சரியான பதில். ஆனால் பூஜ்ஜியம் போட்டார்கள். வலது காது மந்தம் என்பதையும் யாரும் விசாரிக்கவில்லை. மதிப்பெண் குறைந்தால் நோய் அதிகம் என்று கணக்கு; மொத்தம் 11 என்று எழுதித் தந்தார்கள்.

போன மாதம் மாற்றுத்திறனாளி சான்றுக்காக ஒரு முகாமுக்குப் போனோம். அங்கே நேர்மாறாக நடந்தது. பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். அம்மா சிரித்தபடி "இட்லி" என்றார். அன்றைக்குக் குடித்தது கஞ்சி. "நல்லாத்தானே பேசுறாங்க" என்று லேசான மறதி எனக் குறித்தார்கள். 40 சதவீதப் பாதிப்பு என்று வரவில்லை, சான்றும் கிடைக்கவில்லை. கூடவே இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அரிசி களைய உட்கார்ந்தால் களைந்ததை மறந்து மறுபடி மறுபடி களைகிறார். கடைசியில் அரிசியையும் கழுநீரோடு மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார். கட்டிய சேலை மேலேயே இன்னொரு சேலை சுற்றிக்கொள்கிறார். விளக்கு வைக்கும் நேரமானால் வாசலில் நின்று, "நேரமாச்சு, என்னை வீட்டுல கொண்டு விடும்மா" என்று அழுகிறார். நாற்பது வருடமாக அவர் வாழும் வீடு அது.

இதையெல்லாம் அளக்க வழி இல்லாமல் இல்லை. மறதிநோயின் நிலையைக் குறிக்கும் சி.டி.ஆர். (கிளினிக்கல் டிமென்ஷியா ரேட்டிங்) என்ற அளவுகோல் 1982 முதல் இருக்கிறது. நோயாளியையும் உடனிருப்பவரையும் தனித்தனியே விசாரித்து, ஞாபகம், நாள்–இடம் அறிதல், முடிவெடுத்தல், வெளி வேலை, வீட்டு வேலை, தன்னைப் பார்த்துக்கொள்ளுதல் என ஆறு விஷயங்களைப் பார்த்து 0 (நோய் இல்லை), 0.5, 1, 2, 3 (தீவிரம்) என்று நிலை குறிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென ஹரியானாவின் பல்லப்கரில் அந்த 30 மதிப்பெண் தாளின் கேள்விகளையே இந்தியில் மாற்றி அமைத்தார்கள். நம் வேலூரிலும் கிராமத்து முதியோருக்கென்று தனியாகக் கேள்விகள் உருவாக்கியிருக்கிறார்கள். அரசு அவற்றைக் கையிலெடுத்தால் போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் சகோதரி பிரஷர், சுகர் பார்க்கிறார். அவருக்கே பயிற்சி கொடுத்து, குளிப்பது, உடுத்துவது, வழி தெரிவது பற்றி வீட்டில் கேட்டுக் குறிக்கச் செய்யலாம். அப்புறம் மருத்துவர், காது, தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு இவற்றையும் பார்த்துவிட்டு நிலையை முடிவு செய்யட்டும். இந்த நோய் நின்ற இடத்தில் நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளக்க வேண்டும்.

சான்று தரும் இடங்களிலும் இந்த முறையைக் கொண்டுவருமாறும், என் அம்மாவை மறுபரிசோதனை செய்யும் நாளில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து விசாரிக்க உத்தரவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: 30 மதிப்பெண் தாளின் நகல், முகாமில் தந்த சீட்டின் நகல்.