டைப்பிங் கடைப் பாப்பாவுக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். இந்த ரெண்டு மாசம் நம்ம முதியோர் இல்லத்துல என்ன பாடு பட்டோம்னு உங்களுக்கே தெரியும், திரும்ப எழுதல. அரிசிக் கடை பாக்கியை நேத்து அடைச்சாச்சு, அந்த நிம்மதியில உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல ஒரு ஆளைப் பத்திச் சொல்லிடறேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கிற பொண்ணு, பேர் போட வேணாம்னுருச்சு. ரசீது புக் அடிக்கப் போன எடத்துல "கூகுள்ல தேடுனா எங்க இல்லம் வரவே மாட்டேங்குது பாப்பா"ன்னு சும்மா பொலம்புனேன். அது எங்க சைட்டைத் தொறந்து, 'முதியோர்'ங்கிற வார்த்தையை காப்பி பண்ணி வாட்ஸப்ல போட்டுச்சு பாருங்க, கே ஜே பி என் ஏ ஹெச்னு இங்கிலீஷ் எழுத்தா வந்து விழுது! "சார், இது பாமினி ஃபான்ட்டு. நம்ம கண்ணுக்குத்தான் தமிழு, கூகுளுக்கு இது கிறுக்கல். எல்லா கம்ப்யூட்டருக்கும் புரியுற யுனிகோடு எழுத்துக்கு மாத்தணும்"னுச்சு. எட்டு வருசமா ஊருக்கே தமிழ்ல சொல்றதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

எழுத்தை மாத்துற கன்வெர்ட்டர்ல போட்டா ஒரே நிமிசம்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. போட்டா, நடுவுல கெடந்த இங்கிலீஷும் சேந்து மாறி, நன்கொடை குடுக்கறவங்களுக்கான 80ஜி வரிவிலக்குன்னு இருந்தது '80பு' வரிவிலக்கு ஆயிருச்சு. அதனால அந்தப் பொண்ணு சாயங்காலம் கடை அடைக்கிற நேரத்துல ஒக்காந்து வரி வரியாப் படிச்சுத் திருத்துச்சு, பதினோரு நாள். ஒருநாள் திடீர்னு, "சார், ஒரு பாட்டி சாப்பிட மாட்டேன்னு அடம் புடிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அப்புறம் சாப்பிட்டாங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. எங்க சைட்டை முழுசாப் படிச்ச மொத ஆளு அதுதான். (சாப்பிட்டாங்க பாப்பா, ரசஞ்சோறு.) காசு குடுத்தா வாங்கல, டீ மட்டும் குடிச்சுச்சு.

மத்தவங்களையும் விட முடியாது. மேப்புல அடுத்த தெருவுல நின்ன எங்க புள்ளியை நகத்தி வச்ச தம்பி, கூகுளோட சர்ச் கன்சோல்ல எங்க பக்கங்களோட பட்டியலை (சைட்மேப்) குடுத்த காலேஜ் பசங்க, தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுள் இலவசமா விளம்பரம் குடுக்குற ஆட் கிராண்ட்ஸுக்கு அப்ளிகேஷன் போட்டுத் தந்த அக்கா, எல்லாருக்கும் கும்புடு. ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன், அந்த ஆட் கிராண்ட்ஸ்ல சொல்ற மாசம் 10,000 டாலர்ங்கிறது கையில வர்ற காசு இல்ல, அவ்வளவுக்கு விளம்பரம் போட்டுக்கலாம், அம்புட்டுத்தான். அதுவும் நூறு பேர் கண்ணுல பட்டா அஞ்சு பேராவது அமுக்கணும், இல்லேன்னா அக்கவுண்ட்டையே நிறுத்திடுவாங்களாம். அதனால டாலர் வந்துருச்சுன்னு யாரும் கெளப்பி விடாதீங்க.

நானும் ஒரு முடிவு பண்ணிட்டேன், இனிமே ஆண்டறிக்கையை போட்டோ புடிச்சுப் போடுறது கெடையாது, டைப் பண்ணித்தான் போடுவேன், ஒத்த வெரல்லயாவது.

போன வியாழக்கிழம தேனியில இருந்து ஒருத்தர் போன். அப்பா திதிக்கு மத்தியானச் சாப்பாடு போடணுமாம். யாரு சார் சொன்னான்னு கேட்டேன். "யாரும் சொல்லல, திண்டுக்கல் முதியோர் இல்லம்னு தமிழ்ல அடிச்சேன், வந்துச்சு"ன்னாரு.