எட்டு செல்களில் எது குழந்தை? பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

தமிழ் வழியில் படித்து, இப்போது ஆய்வகத்தில் சுண்டெலிக் கருக்களோடு நாளைக் கழிக்கிறவன் எழுதுகிறேன். பிளாஸ்டோசிஸ்ட் (கருவின் ஆரம்பக் கட்டம் ஒன்று) படத்தைப் பள்ளியில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஒரு வட்டம், உள்ளே ஓரமாகக் கொஞ்சம் செல்கள். வெளிச்சுவர் ட்ரோபோபிளாஸ்ட், அது நஞ்சுக்கொடிக்குப் போகும். உள்ளே இருப்பது உட்செல் திரள், குழந்தை அதிலிருந்துதான். பாகம் குறித்தால் மதிப்பெண். எந்தச் செல் எங்கே போவது என்று யார் முடிவு செய்தார்கள்? எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வியே எழவில்லை. அதை நீங்கள் எழுப்ப வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எட்டு செல் கட்டத்தில் மொத்தக் கருவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். மைக்ரோஸ்கோப்பில் எட்டு செல்களும் திராட்சைக் கொத்து மாதிரி தனித்தனியாகத் தெரியும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்றே தெரியாத வழவழப்பான உருண்டையாகியிருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அப்புறம் அவை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும்போது சில செல்கள் உள்ளே போகின்றன, மற்றவை வெளியே நிற்கின்றன.

வெளியே நிற்கும் செல்லுக்கு ஒரு பக்கம் காலி. அதில் யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் தங்கி, சிடிஎக்ஸ்2 மரபணுவை முடுக்கிவிடும். அந்தச் செல் நஞ்சுக்கொடியின் வழியில் போகும். உள்ளே இருப்பதைச் சுற்றி எல்லாப் பக்கமும் அண்டைச் செல்கள். அங்கே ஹிப்போ என்ற சமிக்ஞைத் தொடர் வேலை செய்து, யாப்பை உட்கருவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். இரண்டிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. மாறியது இடமும் அக்கம்பக்கமும்தான்.

உள்ளே போனவற்றுக்கும் அடுத்த தேர்வு காத்திருக்கிறது. முதலில் ஒரே செல்லில் நானோக், காட்டா6 என்ற இரண்டு புரதங்களும் இருக்கும். சில செல்கள் எஃப்ஜிஎஃப்4 என்ற புரதத்தைச் சுரக்கும். அந்தச் சேதி பலமாகக் கிடைத்த செல்களில் காட்டா6 மேலோங்கும். அவை கருவுணவுப் பையின் பக்கம் போகும். நானோக் நிலைத்தவை உடலாகும்.

'எல்லாம் டிஎன்ஏவில் எழுதியிருக்கிறது' என்று வகுப்பில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். போலந்து விஞ்ஞானி டார்கோவ்ஸ்கி 1959இல் இரண்டு செல் சுண்டெலிக் கருக்களில் ஒரு செல்லை அழித்துவிட்டு மிச்சத்தை வளர்த்தார். அந்த ஒற்றைச் செல்லிலிருந்து முழு எலி பிறந்தது. 'நீ பாதி எலிதான்' என்று அந்தச் செல்லில் எங்கே எழுதியிருந்தது? எந்தச் செல் எந்த வழியில் போகும் என்பதில் நான்கு செல் கட்டத்திலேயே லேசான சாய்வு தெரிகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை, மாணவர்களிடம் அதையும் மறைக்காமல் சொல்லலாம்.

ஒரே ஒரு பீரியட் ஒதுக்குங்கள். களிமண்ணில் எட்டு உருண்டை பிடித்து ஒட்டச் சொல்லுங்கள். எல்லாமே வெளியே தெரியும். பதினாறு கொடுத்து, முடிந்தவரை நெருக்கமாக ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு உள்ளே மறைந்துவிடும். எந்த உருண்டை உள்ளே போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு, சரி, கொஞ்ச நேரம் அவர்களைச் சண்டை போட விடுங்கள். யாப்பின் பெயரை அதற்குப் பிறகு பலகையில் எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்களிடம் படித்தவர்களில் ஒருவன்